மாமனார் எதிரில் கால் நீட்டியவள்

என் அக்கா புருஷன் ஆதிகேசவனை எனக்குக் கல்யாணத்தன்றே பிடிக்காமல் போய்விட்டது. பந்தியில் உட்கார்ந்து, வடை ஆறிக் கிடக்கிறதென்று எங்கள் அப்பாவை எல்லார் எதிரிலும் கூப்பிட்டுக் கேட்டவன் அவன். அப்பா கையைப் பிசைந்துகொண்டு நின்றார். பக்கத்தில் மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்த அக்கா தேசம்மா தலையைக்கூடத் திருப்பாமல், "சூடா வேணும்னா அடுப்பாண்ட போய் குந்தச் சொல்லு நைனா" என்றாள். பந்தியே சிரித்தது. அன்று மூக்கறுபட்டதை ஆதிகேசவன் கடைசிவரை மறக்கவில்லை.

அக்கா வாய்த்துடுக்குக்காரி. கவரப்பேட்டையில் நாங்கள் இருந்த தெருவில் அவளிடம் வாய் கொடுத்து ஜெயித்தவர் யாரும் இல்லை. அப்படிப்பட்டவள் புகுந்த வீட்டில் பயந்தது ஒரே ஓர் ஆளுக்கு. அவளுடைய மாமனார் தணிகாசலம்.

ஊத்துக்கோட்டையைத் தாண்டி ஆரணி ஆற்றங்கரையில் அவர்களுக்கு நெல் கழனி இருந்தது. தணிகாசலம் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த மனிதருக்குத் தாழ்ந்த குரலில் பேசவே தெரியாது. அவர் செருப்புச் சத்தம் வாசலில் கேட்டால் வீட்டுப் பெண்கள் எழுந்து, முந்தானையை இழுத்துத் தோளில் போர்த்திக்கொண்டு, தரையைப் பார்த்து நிற்க வேண்டும். அவர் எதிரில் உட்காருவதே தப்பு. படுத்துக்கொண்டு காலை நீட்டுவது நினைத்தே பார்க்க முடியாத காரியம். நந்தினி பிறந்த மறுநாள் பேத்தியைப் பார்க்க அவர் உள்ளே வந்தபோது, அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு பாயிலிருந்து எழுந்து நின்றாளாம். அதைச் சொல்லிச் சொல்லி எங்கள் அம்மா அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

2004இல் தணிகாசலம் செத்துப்போனார். சில மாதம் கழித்து அக்காவிடம் பேச ஆரம்பித்தார்.

இடது தோளுக்குப் பின்னால் நின்று பேசுவார் என்று அக்கா சொல்வாள். "மாட்டுக்குத் தண்ணி காட்டினியா? மடையைத் தெறந்தியா? இன்னும் உலை வைக்கலையா? நீயெல்லாம் ஒரு பொம்பளையா?" எல்லாம் வீட்டு வேலைதான். உயிரோடு இருந்தபோது பகலில் மட்டும் அதிகாரம் செய்தவர், செத்தபிறகு ராத்திரியும் விடவில்லை. அவர் குரல் கேட்டதும் அக்கா எழுந்துவிடுவாள். சோற்றில் கை வைத்திருந்தாலும் எழுந்து, எச்சில் கையாலேயே முந்தானையை இழுத்துக்கொண்டு தலை குனிந்து நிற்பாள். தூக்கம் போயிற்று, உடம்பு பாதியாயிற்று.

முதலில் பூசாரியைக் கூப்பிட்டு விபூதி போட்டார்கள், எலுமிச்சம்பழம் அறுத்தார்கள். பிறகு கழனி விவகாரம் வந்தது. அந்த வருஷங்களில் எங்கள் பக்கத்தில் நிலத்துக்குப் பிடித்த பைத்தியம் எல்லாருக்கும் தெரியும். கார் போட்டுக்கொண்டு வந்தவனுக்கெல்லாம் கழனி வேண்டியிருந்தது. ஆதிகேசவன் ஆற்றோரக் கழனியை விற்கப் பேசி, புரோக்கரை வீட்டுக்கே அழைத்து வந்து காபி கொடுத்துக்கொண்டிருந்தான். அக்கா உள்ளிருந்து வந்து, முந்தானையைப் போர்த்தித் தரையைப் பார்த்தபடி, "மாமா விக்க வாணாம்னு சொல்றாரு" என்றாள். புரோக்கர் டம்ளரை வைத்துவிட்டுப் போய்விட்டான்.

அன்றிலிருந்து அது பேயும் இல்லை, நோயும் இல்லை. நடிப்பு. "எங்கப்பன் பேரைச் சொல்லி என்னையே ஆட்டி வைக்கப் பாக்கறா" என்று ஆதிகேசவன் ஊரெல்லாம் சொன்னான். கையும் நீட்டினான். மாமியார் ஜானகியம்மாள் அவனைவிட மோசம். "ஊட்டுக்காரி நான் குத்துக்கல்லாட்டம் கீறேன். அவரு எங்கிட்ட பேசாம இவகிட்ட வந்து பேசறாராம். நாடகக்காரி" என்று கரித்துக் கொட்டினாள்.

நான் அப்போது கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பி கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு, புதுவாயலில் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து மாதம் ஒரு தடவை ஊத்துக்கோட்டையில் மனநோய்க்கு முகாம் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, 2007இல் அக்காவை அங்கே இழுத்துக்கொண்டு போனேன். உமைரா என்று ஓர் இளம் டாக்டர், பழவேற்காட்டுப் பெண், பொறுமையாகக் கேட்டாள். இதற்குப் பெயர் மனச்சிதைவு, மாத்திரை இருக்கிறது, தினம் சாப்பிட்டால் நிறையப் பேருக்குக் குரல் மெல்லமெல்ல அடங்கும் என்றாள். எனக்கு அவளைக் கும்பிடத் தோன்றியது. அடுத்து அவள் சொன்னதுதான் வயிற்றெரிச்சல்.

"இதுவரைக்கும் இவங்க மாத்திரையே சாப்பிட்டதில்லையா? ஒண்ணுகூட?"

இல்லை என்றேன். அவள் முகம் மலர்ந்தது. குரல் கேட்கிறவர்களின் மூளையில் அந்த நேரத்தில் என்ன நடக்கிறதென்று மெஷினில் படம் பிடித்து அவர்கள் ஆராய்ச்சி செய்கிறார்களாம். மாத்திரையே படாத ஆள் கிடைப்பது அபூர்வமாம். மாத்திரை ஆரம்பிப்பதற்கு முன் ஒரு படம், பிறகு ஒரு படம். விருப்பம் இல்லாவிட்டால் வேண்டாம், மாத்திரை எப்படியும் உண்டு என்றும் சொன்னாள். ஒரு மனுஷி தூங்காமல் செத்துக்கொண்டிருக்கிறாள், இவர்களுக்கு அவள் அபூர்வம். வேண்டாம் என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். அக்கா என் கையைப் பிடித்தாள்.

"எனுக்குக் கேக்கறது நெஜமா பொய்யான்னு அந்த மெஷின்ல தெரியுமா டாக்டரம்மா?"

"பொய் கண்டுபிடிக்கிற மெஷின் இல்லம்மா. ஆனா கேக்கும்போது மூளையில எந்த இடம் வேலை செய்யுதுன்னு தெரியும்."

அக்காவுக்கு அது போதும். அவள் போய் ஆதிகேசவனிடம் சொன்னாள். அவனும் ஏதோ பஞ்சாயத்துத் தலைவர் மாதிரி தீர்ப்புச் சொன்னான். "மெஷின்ல போட்டுப் பாக்கட்டும். நெஜமா கேக்குதுன்னு தெரிஞ்சா ஊட்லயே இரு, வைத்தியம் பாத்துக்கலாம். இல்லாங்காட்டி புள்ளைய உட்டுட்டு உன் தம்பியாண்ட போயிடு." நந்தினிக்கு அப்போது ஆறு வயது. அக்காவைக் கட்டிக்கொள்ளாமல் தூங்கமாட்டாள். அவனுக்கு இது நன்றாகத் தெரியும்.

ஸ்கேன் அன்று சென்னை ஆஸ்பத்திரியில் இரும்பு, தங்கம் எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது என்றார்கள். மெட்டியைச் சோப்புப் போட்டுக் கழற்றி, தாலிக்குப் பதிலாக மஞ்சள் கிழங்கைக் கயிற்றில் கட்டி, புடவையை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு நீல அங்கியை மாட்டிவிட்டார்கள். மெஷின் ஒரு பெரிய குழாய். அதற்குள் மல்லாக்கப் படுக்க வைத்து, தலை அசையாமல் இருக்க இரண்டு பக்கமும் பஞ்சு வைத்து, முகத்துக்கு மேல் ஒரு கூண்டைப் பூட்டினார்கள். கையில் ஒரு பட்டன். மாமனார் பேச ஆரம்பித்தால் அழுத்திப் பிடிக்க வேண்டும், நிறுத்தினால் விட வேண்டும். தலையை ஆட்டவே கூடாது. அவள் பயப்படுகிறாள் என்று என்னைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்க விட்டார்கள்.

உள்ளே டடடடவென்று அடித்தது. கொஞ்ச நேரத்தில் அக்காவின் கால் இரண்டும் மடங்கின. உடம்பு எழும்பியது. நெற்றி கூண்டில் போய் இடித்தது. மெஷினை நிறுத்தினார்கள், உள்ளே போய்ச் சொன்னார்கள், மறுபடி ஓட்டினார்கள். மறுபடியும் எழுந்தாள். கடைசியில் வெளியே எடுத்தபோது நெற்றி சிவந்திருந்தது. இல்லாத முந்தானையைத் தோளில் தேடிக்கொண்டிருந்தாள்.

பெரிய டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்து உச்சுக்கொட்டினார். குரல் கேட்காத நேரத்தில் எடுத்த படமெல்லாம் துல்லியமாக இருந்ததாம். கேட்ட நேரத்தில் எடுத்ததெல்லாம் ஆடிப்போய்ப் பாழ். அவருக்கு வேண்டியது அந்த நேரம்தான். "இந்த கேஸ் வேண்டாம், விட்டுடுங்க" என்றார். மனிதர் அக்காவின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

உமைராதான் கேட்டாள். "ஏம்மா எழுந்தீங்க? அவ்வளவு சொன்னோமே."

"இன்னா டாக்டரம்மா இப்டிக் கேக்கறீங்க? மாமனாரு வந்து நிக்கறாரு. நான் முந்தானைகூட இல்லாம, காலை நீட்டிக்கினு மல்லாக்கப் படுத்துக்கினு கீறேன். எழுந்திருக்காம இன்னா பண்றது?"

அங்கிருந்த இரண்டு படித்த பையன்கள் சிரித்தார்கள். எனக்குக் கன்னத்தில் அறையலாம் போல இருந்தது. உமைரா சிரிக்கவில்லை. பெரிய டாக்டரோடு போராடி, இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மெஷின் சும்மா இருக்கும் நேரத்தை வாங்கிக் கொடுத்தாள். அதுவரை மாத்திரை கிடையாது. அவளிடமும் நான் கத்தினேன். "மாத்திரை இன்னைக்கே வேணும்னாலும் தரேன். ஆனா படம் எடுக்க முடியாது. உங்க அக்காதான் முடிவு பண்ணணும்" என்றாள். அக்கா முடிவு பண்ணினாள். படம்தான் வேண்டும், படம் இருந்தால்தான் நந்தினி.

வராந்தாவில் ஆதிகேசவனுக்கு வாயெல்லாம் பல். "பாத்தியா கோபாலு? மெஷினை ஏமாத்த முடியலை, ஆடி ஆடிக் கெடுத்துட்டா. இன்னொரு தபா பாக்கறவரைக்கும் உன்னாண்டயே வச்சிக்கோ" என்று சொல்லிவிட்டு ஊருக்குப் பஸ் ஏறிப் போனான். நந்தினியை ஜானகியம்மாள் வைத்துக்கொண்டாள்.

அந்த இரண்டு வாரமும் அக்கா என் புதுவாயல் அறையில் படுக்கப் பழகினாள். இதை வேறு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. வெளியே கல்கத்தா ரோட்டில் லாரிகள் போய்க்கொண்டே இருக்கும். தரையில் பாயைப் போட்டு, மல்லாந்து, காலை நீட்டி, குரல் வருவதற்காகக் காத்திருப்பாள். வந்ததும் எழுந்துவிடுவாள். மறுபடி படுப்பாள். நான் ஷிப்ட் முடிந்து வரும்போது வியர்வையில் நனைந்து கிடப்பாள்.

"அது மாமா இல்லக்கா. அவரு செத்துட்டாரு. உன் மூளைதான் பேசுதுன்னு டாக்டர் சொல்லலை?"

"உனுக்கு இன்னா தெரியும்? 'நான் வந்து நிக்கறேன், நீ காலை நீட்டிக்கினு கீறியா, உன்னைப் பெத்தவ இதைத்தான் சொல்லிக் குடுத்தாளா'ன்னு கேக்கறாரு. மானம் போவுதுடா தம்பி."

அப்புறம் ஒருநாள் எழவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு, உள்ளங்கை இரண்டையும் பாயில் ஊன்றி, அப்படியே கிடந்தாள். அழுதாள், ஆனால் அசையவில்லை.

இரண்டாம் தடவை மெஷினில் முழு நேரமும் அசையாமல் இருந்தாள். கூண்டைக் கழற்றியபோது கண்ணீர் இரண்டு பக்கமும் காதுக்குள் இறங்கியிருந்தது. நர்ஸ் துணியால் துடைத்துவிட்டாள். "அவ்ளோ நேரமும் திட்டினாருடா" என்றாள் அக்கா என்னிடம். "'எழுந்திருடி'ன்னாரு. 'செத்தவன்தானேன்னு காலை நீட்டிட்ட'ன்னாரு. நான் பட்டனை மட்டும் அமுக்கினேன்." பெரிய டாக்டர் இந்தத் தடவை ரொம்பச் சந்தோஷமாக இருந்தார். அக்காவின் தோளைத் தட்டி 'வெரி குட்' என்றார்.

படத்தைக் காட்ட எல்லாரையும் வரச் சொன்னாள் உமைரா. வழக்கமாக இதைக் காட்டமாட்டார்களாம், அக்கா கெஞ்சியதால் காட்டினாள். கம்ப்யூட்டரில் சாம்பல் நிறத்தில் ஒரு மூளை. இடது காதுப் பக்கம் சிவப்பும் மஞ்சளுமாக ஒரு திட்டு. உமைரா நிதானமாகச் சொன்னாள். "நம்ம யார் பேச்சையாவது கேட்டா மூளையில வேலை செய்யற இடம் இது. இவங்க பட்டன் அழுத்தின நேரத்துல, வெளிய யாருமே பேசாதப்ப, அதே இடம் வேலை செஞ்சிருக்கு. ஒரு படத்தை வச்சு ரொம்பப் பெருசா எதுவும் சொல்லிடக் கூடாது. ஆனா இவங்க நடிக்கலை."

ஆதிகேசவன் முகத்தில் ஈயாடவில்லை. அக்கா அவனைப் பார்க்கவே இல்லை, அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று வருஷம் அடி வாங்கியவள்.

ஜானகியம்மாள் நாற்காலியை விட்டு எழுந்து திரைக்குக் கிட்டே போனாள். "இதான் அவரா?"

"அவர் இல்லம்மா. இவங்க மூளையே அந்தக் குரலை உண்டாக்குது. அதுக்குத்தான் மாத்திரை தரோம். தினம் ராத்திரி ஒண்ணு."

ஜானகியம்மாள் காதில் அது ஏறியதாகத் தெரியவில்லை. முந்தானையை இழுத்துத் தோளில் போர்த்திக்கொண்டு, அந்தச் சிவப்புத் திட்டைத் தொட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

முதல் மாத மாத்திரையை வாங்கிக்கொண்டு அக்காவை ஊருக்கு அழைத்துப் போனார்கள். நந்தினி அவளிடமே இருந்தாள். ஜெயித்துவிட்டோம் என்று நானும் என் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பொங்கல் முடிந்து உமைராவிடமிருந்து போன் வந்தது. மாத்திரைக்குப் பிறகு எடுக்கிற படத்துக்கு நாள் குறிக்க வேண்டும், உங்கள் அக்கா அடுத்த மாத மாத்திரை வாங்கவே வரவில்லையே என்றாள். முதலில் படம், அப்புறம்தான் மாத்திரை ஞாபகத்துக்கு வந்தது பாருங்கள். நான் அந்த வெள்ளிக்கிழமையே ஊத்துக்கோட்டைக்குப் பஸ் ஏறி, அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் போனேன்.

வாசலில் ஏழெட்டுச் செருப்பு. உள்ளே கூடத்தில் அக்காவை மஞ்சள் பூசிக் குளிக்கவைத்து, பலகை போட்டு உட்கார வைத்திருந்தார்கள். எதிரில் ஊர்ப் பெண்கள் வெற்றிலை பாக்கு வைத்துக் குறி கேட்க உட்கார்ந்திருந்தார்கள். காணாமல் போன மாட்டைப் பற்றி ஒருத்தி தணிகாசலத்திடம் கேட்டுக்கொண்டிருந்தாள். அக்காவின் கண்ணைச் சுற்றிக் கறுத்துப் போயிருந்தது.

"மாத்திரை எங்க?" என்றேன்.

"எதுக்கு மாத்திரை?" என்றாள் ஜானகியம்மாள். "நடிப்புன்னு நெனச்சோம், திட்டினோம். அவரு உள்ள கீறாருன்னு மெஷின்லயே வந்துடுச்சே. ஊட்டுப் பெரியவரை மாத்திரை குடுத்துத் தொரத்தச் சொல்றியா?"

"அவ தூங்கி எவ்ளோ நாளாச்சின்னு தெரியுமா உங்களுக்கு?"

"அவருகூட நாப்பது வருஷம் நான் மட்டும் தூங்கினனா?"

ஆதிகேசவன் கொல்லையிலிருந்து வந்தான். முன்பெல்லாம் அக்காவைக் கைநீட்டி அடித்தவன் இப்போது அவளுக்கு இரண்டடி தள்ளியே நின்றான். கழனி விற்கும் பேச்சையே விட்டுவிட்டானாம். நான் அவனை வாய்க்கு வந்தபடி திட்டினேன். வந்திருந்தவர்கள் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்கள். அக்காவை இப்போதே கூட்டிக்கொண்டு போகிறேன் என்றேன்.

"தாராளமா கூட்டிக்கினு போ" என்றான். "நந்தினி இங்கதான் இருப்பா. இவ்ளோ நோவு கீற பொம்பளையாண்ட எவன் புள்ளைய அனுப்புவான்?"

அதே கத்தியை மறுபக்கம் திருப்பிப் பிடித்திருந்தான். படம் இல்லை என்றாலும் பிள்ளை அவனுக்கு, படம் இருந்தாலும் பிள்ளை அவனுக்கு. நான் அவன் சட்டையைப் பிடித்துவிட்டேன்.

அக்கா எழுந்தாள். முந்தானையை இழுத்துத் தோளில் போர்த்தினாள். எல்லாரும் அடங்கிப்போனோம்.

"மாமா சொல்றாரு" என்றாள்.

ஜானகியம்மாளும் எழுந்து நின்றாள். "இன்னா சொல்றாரு?"

"மாத்திரையை எடுத்துக் குடுன்னு சொல்றாரு. தினம் ராத்திரி ஒண்ணு குடுக்கணுமாம். மெஷின்காரங்க சொன்ன நாளுக்கு ஆஸ்பத்திரிக்கு அனுப்பணுமாம். எனுக்கு இந்த ஊட்ல வேலை முடிஞ்சிடுச்சி, நான் போறேன்னு சொல்றாரு. தாயையும் புள்ளையையும் பிரிச்சா ஊடு வெளங்காதுன்னு சொல்றாரு."

மாமனார் நிஜமாகப் பேசும்போது அக்கா தரையை விட்டுக் கண்ணை எடுத்து நான் பார்த்ததே இல்லை. அன்று அவள் மாமியாரின் முகத்தை நேராகப் பார்த்துப் பேசினாள். மூன்று வருஷம் உண்மையைச் சொன்னாள், நாடகக்காரி என்றார்கள். அன்றுதான் முதல்முதலாக நடித்தாள். ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

"அம்மா, இது..." என்று ஆதிகேசவன் இழுத்தான்.

"வாயை மூடு. உங்கப்பா சொல்றாரு."

புருஷன் பேச்சைத் தட்டி ஜானகியம்மாளுக்குப் பழக்கம் கிடையாது. இடுப்பிலிருந்து சாவியை எடுத்து டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். மாத்திரை அட்டை பிரிக்கப்படாமல் அப்படியே இருந்தது. ஒன்றைப் பிரித்து, டம்ளரில் தண்ணீரும் கொண்டுவந்து நீட்டினாள். இதைக் கொடுத்தால் அவர் போய்விடுவார் என்று அவளுக்குத் தெரியும். அவரே சொல்லிவிட்டார், கொடுக்காமல் இருக்க முடியாது.

அக்கா மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டாள்.

"தேசம்மா" என்றாள் ஜானகியம்மாள். அத்தனை வருஷத்தில் அந்தக் கிழவி அக்காவைக் கெஞ்சி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். "எனுக்கு இன்னா சொல்லிட்டுப் போறாரு?"

அக்கா தண்ணீர் முழுவதையும் குடித்தாள். மூன்று வருஷமாக அந்தக் குரல் ஜானகியம்மாள் பெயரை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை, இதை முகாமில் உமைராவிடம் என் காதுபடவே சொல்லியிருக்கிறாள். ஒரு பொய் சொன்ன வாயால் இன்னொன்றும் சொல்லியிருக்கலாம். அவளுக்கு மனசு வரவில்லை. எனக்கும் அது சரியென்றே பட்டது.

"உங்களப் பத்தி ஒண்ணும் சொல்லலை அத்தை" என்றாள்.

காலி டம்ளரை வாங்கிக்கொண்டு ஜானகியம்மாள் அங்கேயே நின்றாள்.